கிருமி வந்தால் எலும்பு ஏன் கரைகிறது?

"ஈறுல கிருமி பூந்து எலும்பை அரிச்சிடுச்சாம், அதான் பல்லு ஆடுது." வேலூர்ப் பக்கம் பல் ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருப்பவர்கள் இப்படிப் பேசிக்கொள்வதைக் கேட்கலாம். சர்க்கரை நோயால் காலில் புண் வந்து விரலை எடுக்க நேர்ந்தவரின் வீட்டாரும் இதையே சொல்வார்கள்: புண் எலும்பு வரைக்கும் போய்விட்டது, கிருமி எலும்பைத் தின்றுவிட்டது. இன்னொரு பக்கம், கொரோனா வந்துபோன பிறகு 'எதிர்ப்பு சக்தி' என்ற பேச்சு எல்லார் வாயிலும் இருக்கிறது. அது கூடக் கூட நல்லது, குறைந்தால்தான் நோய் என்று ஒரு கணக்கு.

இரண்டு எண்ணங்களிலும் பாதி உண்மைதான் இருக்கிறது. தொடங்கிவைப்பது கிருமி, அதில் சந்தேகமில்லை. ஆனால் எலும்பைக் கரைக்கும் வேலையில் பெரும்பங்கைச் செய்வது நம் உடம்பின் சொந்த செல்கள். அந்தச் செல்களை ஏவிவிடுவது நம்முடைய எதிர்ப்பு சக்திதான். இது தெரியாததால் நான்கு நாள் ஆன்டிபயாடிக் மாத்திரை போட்டு வலி நின்றதும் 'கிருமி செத்துவிட்டது' என்று விட்டுவிடுகிறோம். உள்ளே எலும்பு தொடர்ந்து இறங்கிக்கொண்டிருக்கும். அதனால் இதை அடியிலிருந்து பார்ப்போம்.

## எலும்பு சும்மா இருப்பதில்லை

எலும்பு என்றால் ஒரு தடவை வளர்ந்து முடிந்து, கல் மாதிரி அப்படியே நிற்கும் பொருள் என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மையில் அது தினமும் வெட்டப்பட்டு, தினமும் கட்டப்படுகிறது.

காவேரிப்பாக்கம் ஏரிக்கரையை எடுத்துக்கொள்ளுங்கள். பல நூறு வருஷமாக அந்த ஏரி நிற்கிறது என்றால், கரையைப் போட்டதோடு விட்டுவிடாமல் தலைமுறை தலைமுறையாகப் பராமரித்ததுதான் காரணம். வெயிலில் வெடித்து இளகிய மண்ணை ஒரு கூட்டம் வெட்டி எடுக்கும். அந்தக் குழியில் இன்னொரு கூட்டம் புது மண் கொட்டி இறுக்கும். வெட்டியதும் கொட்டியதும் சமமாக இருக்கும்வரை கரை அப்படியே நிற்கும். வெட்டுகிறவர்கள் மட்டும் பெருகினால், வெள்ளமே வராவிட்டாலும் கரை மெலிந்துவிடும்.

எலும்பிலும் இப்படி இரண்டு கூட்டம் உண்டு. பழைய எலும்பைக் கரைக்கும் செல்லுக்கு ஆஸ்டியோகிளாஸ்ட் என்று பெயர். இனி அதை 'வெட்டும் செல்' என்றே சொல்கிறேன். புது எலும்பு வைக்கும் செல் ஆஸ்டியோபிளாஸ்ட். அது 'கட்டும் செல்'. வளர்ந்த மனிதரின் எலும்புக்கூட்டில் ஆண்டுக்குச் சுமார் 10 சதவீதம் இந்த முறையில் புதுப்பிக்கப்படுகிறது.

இதில் கவனிக்க வேண்டியது வேகம். ஓரிடத்தில் வெட்டி முடிக்க இரண்டு மூன்று வாரம் போதும். அதே குழியை நிரப்ப மூன்று நான்கு மாதம் ஆகும். கட்டுவது எப்போதுமே மெதுவான வேலை. அதனால் வெட்டு வேகம் கொஞ்சம் கூடினாலும் பள்ளம் நிரம்பாமல் தங்கிவிடும்.

## வெட்டும் செல்லின் சொந்தக்காரர்கள் யார்?

என்னைப் பொறுத்தவரை இந்த விஷயத்தின் திறவுகோலே இங்கேதான் இருக்கிறது. கட்டும் செல் எலும்பைச் சேர்ந்தது. வெட்டும் செல் அப்படியில்லை, அது ரத்தத்தின் வழியில் வந்தது. மோனோசைட் என்று ஒருவகை வெள்ளை அணு உண்டு. அது திசுக்களுக்குள் போய்க் கிருமிகளை விழுங்கும் செல்லாக மாறும். அதை மேக்ரோஃபேஜ் என்பார்கள். அதே மோனோசைட் வழியில் வந்த செல்கள் எலும்பின் பக்கத்தில் பல ஒன்றுகூடி உருகி இணைந்தால், பல உட்கருக்கள் கொண்ட ஒரு பெரிய வெட்டும் செல் பிறக்கிறது. ஆக, கிருமியை விழுங்குகிற செல்லும் எலும்பை வெட்டுகிற செல்லும் பங்காளிகள். ஒரு தரப்புக்குப் போகும் செய்தி மற்றதன் காதிலும் விழும்.

வெட்டும் செல் எலும்பின்மேல் ஒட்டி உட்கார்ந்து, விளிம்பை இறுக்க மூடிக்கொண்டு, அடியில் அமிலத்தைச் சுரக்கும். எலும்பின் சுண்ணாம்புச் சத்து அதில் கரையும். பிறகு மிச்சமிருக்கும் நாரை ஒரு நொதி அறுக்கும். இரண்டும் முடிந்தால் அங்கே ஒரு குழி.

இந்தச் செல் தானாகப் பிறந்துவிடாது, உத்தரவு வர வேண்டும். அந்த உத்தரவு ஒரு புரதம், பெயர் ரேங்க்-எல். சாதாரண நாட்களில் எலும்பைச் சேர்ந்த செல்களே இதை அளவாக வெளியிடுகின்றன. உத்தரவு மிஞ்சிவிடாமல் தடுக்க இன்னொரு புரதமும் உண்டு: ஆஸ்டியோபுரோட்டெஜெரின், சுருக்கமாக ஓ.பி.ஜி. ரேங்க்-எல் போய்ச் சேருவதற்கு முன்பே ஓ.பி.ஜி. அதைப் பிடித்துவைத்துக்கொள்ளும். இந்த இரண்டு புரதங்களும் 1990-களின் பிற்பகுதியில்தான் கண்டுபிடிக்கப்பட்டன. அதற்கு முன், எலும்பு ஏன் கரைகிறது என்ற கேள்விக்குத் துண்டு துண்டான பதில்கள்தான் இருந்தன.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: எலும்பில் வெட்டும் செல்லும் கட்டும் செல்லும் சேர்ந்து வேலை செய்கின்றன. வெட்டும் செல் வெள்ளை அணுக்களின் உறவு. ரேங்க்-எல் கூடினால் வெட்டு கூடும், ஓ.பி.ஜி. கூடினால் வெட்டு அடங்கும்.

## கிருமி உள்ளே வந்தால்

பாக்டீரியாவின் மேலுறையில் நம் உடம்பில் எங்குமே இல்லாத சில பொருட்கள் உண்டு. நம் செல்களில் அவற்றைக் கண்டுகொள்ளும் உணரிகள் இருக்கின்றன. பட்டவுடனே செல்கள் சைட்டோகைன் என்ற சின்னச் சின்னப் புரதங்களை வெளியிடும். செல்லுக்குச் செல் அனுப்பும் அவசரச் செய்தி அது. டி.என்.எஃப்., இன்டர்லூக்கின்-1, இன்டர்லூக்கின்-6 என்று பல வகை உண்டு. ரத்தக் குழாய் விரிகிறது, வெள்ளை அணுக்கள் ஓடி வருகின்றன, இடம் சிவந்து வீங்குகிறது. இதைத்தான் அழற்சி என்கிறோம். இது நல்லதுக்காகத்தான், இது இல்லாவிட்டால் சின்னக் கீறல்கூட ஆளைக் கொன்றுவிடும்.

இந்தச் செய்தி எலும்பு இருக்கும் இடத்தில் ஒலிக்கும்போதுதான் சங்கடம். டி.என்.எஃப்.பும் இன்டர்லூக்கின்-1-உம் பட்டதும் எலும்பின் செல்கள் ரேங்க்-எல்லைக் கூட்டுகின்றன, ஓ.பி.ஜி.யைக் குறைக்கின்றன. கிருமியை எதிர்க்க வந்த டி-செல்களும் பி-செல்களும் (இவையும் வெள்ளை அணு வகைகள்தான்) தாங்களே ரேங்க்-எல்லை வெளியிடுகின்றன. பங்காளி செல்கள் ஏற்கெனவே அங்கே கூட்டமாக வந்திருப்பதால், வெட்டும் செல்லாக மாற ஆள் தட்டுப்பாடே இல்லை. போதாததற்கு டி.என்.எஃப். கட்டும் செல்களின் வேலையையும் மட்டுப்படுத்துகிறது. வெட்டு கூடி, கட்டு குறைகிறது.

இதை முதலில் காட்டிய சோதனை ரொம்ப எளிமையானது. 1972-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர் மனித ரத்தத்தின் வெள்ளை அணுக்களைப் பல் அழுக்கிலிருந்து எடுத்த பொருளோடு சேர்த்து வளர்த்தார்கள். பிறகு செல்களை நீக்கிவிட்டு, அவை இருந்த நீரை மட்டும் எலும்புத் துண்டுகள்மேல் விட்டார்கள். எலும்பிலிருந்து கால்சியம் வெளியேறியது. வெள்ளை அணுக்கள் அந்த நீரில் எதையோ சுரந்திருக்கின்றன, அது எலும்பைக் கரைக்கச் சொல்கிறது என்பது அன்றே தெரிந்துபோனது. அந்தப் 'எதையோ'வில் முக்கியமானது இன்டர்லூக்கின்-1 என்பது பின்னாளில் உறுதியானது. எலும்பையும் எதிர்ப்பு சக்தியையும் சேர்த்துப் படிக்கும் துறைக்கு ஆஸ்டியோஇம்யூனாலஜி என்ற பெயர் 2000-ஆம் ஆண்டு வாக்கில்தான் வந்தது.

## ஈறில் நடப்பது

இந்தக் கதையை மிகத் தெளிவாகப் பார்க்கக்கூடிய இடம் நம் வாய்தான்.

பல் துலக்காமல் விட்டால் பல்லோரத்தில் மாவு மாதிரி ஒரு படலம் படியும். அது கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் ஒட்டி வாழும் குடியிருப்பு. நாளாக ஆக எச்சிலின் சுண்ணாம்பு அதில் இறுகிக் காரையாகும். 1965-ல் டென்மார்க்கில் ஹரால்ட் லோ என்பவரின் குழு ஆரோக்கியமான ஈறு உள்ள சிலரைப் பல் துலக்குவதை நிறுத்தச் சொல்லிப் பார்த்தது. மூன்று வாரத்துக்குள் எல்லாருக்கும் ஈறு வீங்கி, ரத்தம் கசிந்தது. மறுபடி துலக்கத் தொடங்கியதும் ஒரு வாரம் போல ஆகி ஈறு பழைய நிலைக்கு வந்தது. இந்தக் கட்டம் வெறும் ஈறு அழற்சி. எலும்பு இன்னும் தொடப்படவில்லை; முழுக்கத் திரும்பிவிடலாம்.

அழற்சி பல மாதம், பல வருஷம் நீடித்தால் சிலருக்கு அது கீழே இறங்குகிறது. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே பை மாதிரி ஒரு பிளவு ஆழமாகிறது. பல்லைப் பிடித்திருக்கும் தாடை எலும்பு மேலிருந்து கீழே குறைந்துகொண்டே போகிறது. இதுதான் பீரியடான்டைட்டிஸ், ஈறும் எலும்பும் சேர்ந்த நோய். இங்கே ஒன்றைக் கவனியுங்கள்: பல்லில் ஒட்டிய பாக்டீரியாப் படலத்துக்கும் குறைந்துபோன எலும்பின் விளிம்புக்கும் நடுவே ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். அந்த இடைவெளி முழுக்க அழற்சி செல்கள். பாக்டீரியா வாய்வைத்துக் கடித்து எலும்பு குறைந்திருந்தால் அந்த இடைவெளிக்கு வேலையே இல்லை. படலம் கொஞ்சம் முன்னே வந்தால் எலும்பும் அதே அளவு பின்வாங்குகிறது, கிருமி தன்னைத் தொட்டுவிடாதபடி.

அப்படியென்றால் அழுக்கு சேர்ந்த எல்லாருக்கும் பல் விழ வேண்டுமே? இதற்கு நேரடியான பதில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்தது. அதே லோ குழுவினர் 1970-ல் தொடங்கிப் பதினைந்து ஆண்டுகள் 480 ஆண் தொழிலாளர்களைத் தொடர்ந்து பார்த்தார்கள். பல் வைத்தியமோ பிரஷ்ஷோ எட்டாத மனிதர்கள். எல்லார் வாயிலும் அழுக்கு, காரை, வீங்கிய ஈறு. ஆனால் முடிவு ஒரே மாதிரி இல்லை. 8 சதவீதம் பேருக்குப் பல்லின் பிடிமானம் வேகமாகக் கழன்று, 45 வயதில் பல் என்று ஒன்றுமே மிஞ்சவில்லை. 81 சதவீதம் பேருக்கு நடுத்தரம். 11 சதவீதம் பேருக்கு ஈறு வீக்கத்தைத் தாண்டி எதுவும் நடக்கவில்லை. அழுக்கு பொதுவாக இருந்தும் இழப்பு ஆளுக்கு ஆள் இவ்வளவு மாறுகிறது. படலத்தில் எந்தெந்தக் கிருமி வசிக்கிறது என்பதும் ஒரு காரணம். அவரவர் உடம்பு அதற்கு எப்படிப் பதில் சொல்கிறது என்பது அதைவிடப் பெரிய காரணம். இந்த ஆய்வை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கிறது. அந்தத் தொழிலாளர்களில் பலர் நம் மொழி பேசியவர்கள், ஒரு சாதாரண பிரஷ்ஷும் பற்பசையும் எட்டாமல் பல்லை இழந்தவர்கள்.

உடம்பின் பதிலைக் கெடுக்கும் விஷயங்களும் இப்போது தெரியும். கட்டுப்படாத சர்க்கரை நோய் அழற்சியை மூர்க்கமாக்குகிறது, நீண்ட நாள் நீடிக்கவும் வைக்கிறது. ஈறு நோய் முற்றினால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கஷ்டமாகிறது. பீடி, சிகரெட் இன்னும் மோசம், ஏனென்றால் புகைப்பவரின் ஈறு அவ்வளவாக ரத்தம் கசியாது. உள்ளே எலும்பு இறங்கும்போது வெளியே எச்சரிக்கை தெரியாது. குடியாத்தம் பக்கம் பீடி சுற்றுவதும் பிடிப்பதும் அன்றாட விஷயம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

இந்த இடத்தில் ஒரு பழைய பயத்தையும் தீர்த்துவிடலாம். "பல்லைக் கிளீன் பண்ணா பல்லு ஆடும்பா" என்று சொல்லிச் சொல்லியே பலர் போகாமல் இருக்கிறார்கள். நடப்பது வேறு. எலும்பு முன்பே குறைந்திருக்கும். வீங்கிய ஈறும் பற்களைச் சேர்த்துப் பிடித்திருந்த காரையும் அதை மறைத்திருக்கும். காரையை எடுத்து, வீக்கமும் வற்றினால், மறைந்திருந்த சந்து தெரிகிறது. பல் கொஞ்ச நாள் லேசாக ஆடுவதும் உண்டு. சுத்தம் செய்ததால் எலும்பு போகவில்லை. முன்பே போனதை அன்றுதான் பார்க்கிறோம்.

## எலும்புக்குள்ளேயே புண்

ஈறில் கிருமி எலும்புக்கு வெளியே நிற்கிறது. சில சமயம் அது உள்ளேயே போய்விடும். சர்க்கரை நோயாளியின் கால் புண் ஆழமானாலும், எலும்பு முறிந்து தோல் கிழிந்தாலும், குழந்தைகளுக்கு ரத்தம் வழியாகவும் இது நடக்கலாம். எலும்புக்குள் வரும் இந்தத் தொற்றை ஆஸ்டியோமயலைட்டிஸ் என்பார்கள். பெரும்பாலும் காரணம் ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ், நம் தோலிலும் மூக்கிலும் சாதாரணமாகவே இருக்கும் பாக்டீரியா.

இங்கேயும் வெட்டு கூடுவது அதே சைட்டோகைன், ரேங்க்-எல் வழியில்தான். கூடவே இன்னொன்று சேர்கிறது. எலும்பு இறுக்கமான கூடு, வீக்கத்துக்கு இடம் கிடையாது. உள்ளே சீழ் கட்டி அழுத்தம் ஏறினால் ரத்தக் குழாய் நசுங்கும். ரத்தம் போகாத எலும்புத் துண்டு செத்துவிடும். ரத்தம் போகாத இடத்துக்கு மருந்தும் போகாது, வெள்ளை அணுவும் போகாது. அந்தச் செத்த துண்டே கிருமிக்குப் பாதுகாப்பான வீடாகிவிடும். ஆன்டிபயாடிக்கை வாரக்கணக்கில் கொடுக்கிறார்களே, அதற்கு மேல் அறுவை சிகிச்சை வேறு சொல்கிறார்களே என்று வீட்டில் வருத்தப்படுவார்கள். காரணம் இதுதான்.

எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்று நிம்மதியடையவும் கூடாது. எலும்பின் சுண்ணாம்புச் சத்து மூன்றில் ஒரு பங்காவது போன பிறகுதான் சாதாரண எக்ஸ்ரேயில் தெரியும். அதற்குப் பத்துப் பதினைந்து நாள் ஆகும். முன்கூட்டியே பார்க்க எம்.ஆர்.ஐ. வேண்டும்.

## விரல்கள் உதிர்வதாக நம்பிய காலம்

வேலூருக்கு இந்த விஷயத்தில் ஒரு தனி வரலாறு உண்டு. தொழுநோய்க் கிருமி விரல்களைத் தின்றுவிடும், விரல் தானாக உதிரும் என்று உலகமே நம்பியிருந்தது. 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு (சி.எம்.சி.) வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட் நோயாளிகளின் கைகளை ஒவ்வொன்றாகக் கவனித்தார். கிருமி கெடுத்தது நரம்பை. அதனால் வலி தெரியாமல் போனது. வலி தெரியாத கை சூடான பாத்திரத்தைப் பிடிக்கும், காயத்தோடேயே வேலை செய்யும். புண் ஆறாது, வேறு பாக்டீரியா புகும், அழற்சி எலும்பு வரை போகும், எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறுகும். காட்பாடிக்குப் பக்கத்தில் கரிகிரியில் 1955-ல் தொடங்கிய தொழுநோய் மருத்துவமனையில் செருப்பிலிருந்து பாத்திரம் பிடிக்கும் விதம் வரை சொல்லிக்கொடுத்தது இதற்காகத்தான். காயத்தைத் தடுத்தால் விரல் நிற்கும் என்று அங்கே நடைமுறையில் காட்டினார்கள்.

சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவருக்கும் வழி இதேதான். தினமும் ராத்திரி உள்ளங்காலைப் பார்க்கச் சொல்வதும், வெறுங்காலோடு நடக்கக் கூடாது என்பதும் அங்கிருந்து வந்த பாடங்கள்.

## அப்போ எதிர்ப்பு சக்தியை அடக்கிவிடலாமா?

கூடாது. குரங்குகளில் டி.என்.எஃப்., இன்டர்லூக்கின்-1 இரண்டையும் தடுத்தபோது ஈறு எலும்பு கரைவது குறைந்தது உண்மை. 1998-லேயே அது வெளியானது. ஆனால் பிறவியிலேயே வெள்ளை அணுக்கள் திசுவுக்குள் போக முடியாத குழந்தைகள் உண்டு. எதிர்ப்பு குறைவு என்பதால் அவர்கள் எலும்பு தப்பிப்பதில்லை. பால் பல்லிலேயே ஈறு நோய் கடுமையாக வந்துவிடுகிறது. குறைந்தாலும் சேதம், அடங்காமல் நீடித்தாலும் சேதம். எதிர்ப்பு சக்தியைக் 'கூட்டும்' பொடியும் கஷாயமும் இதற்கு மருந்தாகாமல் போவதும் இதனால்தான். இங்கே குறை எதிர்ப்பு சக்தியின் அளவில் இல்லை. வேலை முடிந்தும் அடங்க முடியாதபடி கிருமிப் படலம் அங்கேயே உட்கார்ந்திருப்பதுதான் குறை.

ரேங்க்-எல்லையே நேராகப் பிடிக்கும் டெனோசுமாப் என்ற ஊசி 2010 முதல் எலும்புத் தேய்மானத்துக்குப் பயன்படுகிறது. அது ஈறு நோய்க்கான மருந்து இல்லை. தாடையில் தொற்று இருக்கும்போது வெட்டும் செல்லை முழுக்க நிறுத்தினால் செத்த எலும்பை அகற்ற ஆளில்லாமல் போகும். அரிதாகத் தாடை எலும்பே அழுகிப்போவதுண்டு. அதனால் இந்த ஊசி போட்டுக்கொள்ளும் அம்மா, பாட்டி யாராவது வீட்டில் இருந்தால், பல் பிடுங்குவதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடச் சொல்லுங்கள்.

ஈறுக்குச் செய்ய வேண்டியது பழைய வேலைதான்: பல்லின் வேர்வரை காரையையும் படலத்தையும் எடுப்பது, பிறகு வீட்டில் அது மறுபடி சேரவிடாமல் பார்ப்பது. படலம் போனால் செய்தி அடங்கும், ரேங்க்-எல் இறங்கும். குறைந்த எலும்பு பெரும்பாலும் திரும்ப வளராது, ஆனால் அங்கேயே நின்றுவிடும். நின்றதா இல்லையா என்பதை வலி சொல்லாது, அளவுதான் சொல்லும். மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியால் ஈறுப் பையின் ஆழத்தைப் பார்ப்பார்கள். 3 மில்லிமீட்டர் வரை சாதாரணம். சுத்தம் செய்த இரண்டு மூன்று மாதத்தில் மறுபடி அளப்பார்கள். அந்த எண்களை உங்கள் சீட்டில் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். அடுத்த தடவை வேறு மருத்துவரிடம் போனாலும் ஒப்பிட்டுப் பார்க்க அது ஒன்றுதான் உதவும்.